செயலியில் நிறைந்த டாங்கி, குழாயில் வராத தண்ணீர்: தொடர்மாடிப் பொதுக் கருவிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வவுனியா நகரத்தில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் நான்கு தட்டுகள், 11 வீடுகள். ஒரு குழாய்க்கிணறு, மேலே 2000 லீற்றர் டாங்கி, அட்டை காட்டினால் திறக்கும் கேற், மேல்மாடியில் ஒரு சிறிய மண்டபம், உடுப்புத் தோய்க்கும் மெஷின் இரண்டு, படிக்கட்டு விளக்குகள், ஒரு வைபை. இவ்வளவும் பொது. தண்ணீர் மோட்டரையும் விளக்குகளையும் செயலி வழியாக இயக்குகிறோம். இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்களும் தாதியரும் வங்கியில் வேலை செய்பவர்களும். வெள்ளி பின்னேரம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்புவார்கள். அதனால் பழுதுகளும் பெரும்பாலும் ஞாயிறு இரவில்தான் வெளியே தெரியவரும். எல்லோரும் பஸ்சால் இறங்கிக் களைத்து வந்து குழாயைத் திறக்கும் நேரம் அது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பொதுக் கருவி பிழைக்கும்போது காரணம் உடனே தெரியாவிட்டால் பேச்சு ஆட்கள் பக்கம் திரும்பிவிடும். மூன்றாம் தட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் ஓர் அக்காதான் தண்ணீரை முடிக்கிறார் என்று எங்கள் இடத்தில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. அவர் பிள்ளையின் உடுப்புகளைப் பையில் கட்டிக்கொண்டுபோய்த் தங்கச்சி வீட்டில் தோய்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் பிழை டாங்கியின் சென்சரில் இருந்தது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

எந்தப் பழுதென்றாலும் நான் பார்க்கும் ஒழுங்கு இதுதான்: முதலில் தண்ணீர், பிறகு கரண்ட், பிறகு வைபை, பிறகு செயலி. ஆட்களைப் பற்றிய கேள்வி கடைசியில் வரட்டும். தொலைபேசியைக் கையில் எடுக்க முன்னர் பொருளைக் கண்ணால் பாருங்கள்.

செயலி 'டாங்கி நிறைவு' என்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை

"தம்பி, அப்பில நிறைஞ்சிருக்கெண்டு காட்டுது, குழாயில ஒரு சொட்டும் இல்லை." எனக்கு அதிகம் வரும் அழைப்பு இது.

மேலே ஏறி டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் சென்சர் சரி. வெளியே போகும் பைப்பில் வால்வ் பூட்டியிருக்கலாம், அல்லது காற்று அடைத்திருக்கலாம். ஆகக் கீழ்த்தட்டுக் குழாயை முழுதாகத் திறந்து சில நிமிடம் விட்டால் காற்று பெரும்பாலும் வெளியேறிவிடும்.

டாங்கி வெறுமையாக இருந்தால் சென்சர் பொய் சொல்கிறது. உங்களிடம் இருப்பது எந்த வகைச் சென்சர் என்று பாருங்கள். தண்ணீருக்குள் துருப்பிடியாத கம்பிகள் தொங்கும் வகை என்றால் எங்கள் பக்கத் தண்ணீரே அதற்குப் பகை. வன்னியில் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே படிவு கம்பிகளிலும் ஏறும். கம்பியின் மேல் படிந்தால் அதற்குத் தண்ணீர் தெரியாது. டாங்கி நிறைந்திருந்தாலும் 'வெறுமை' என்று காட்டும். கம்பிகளைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியில் படிவும் ஈரமும் சேர்ந்து ஒரு கம்பியிலிருந்து மற்றதற்குப் பாலம் போட்டால், தண்ணீர் இல்லாமலே 'நிறைவு' என்று காட்டும். எங்கள் அக்காவின் மேல் பழி விழுந்தது இந்தப் பாலத்தால்தான். மோட்டர் டாங்கி நிறைந்துவிட்டதாக நினைத்து ஓடாமல் நின்றது. இருந்த தண்ணீர் முடிந்தது. அவர் காலையில் நேரத்தோடு தோய்ப்பவர் என்பதால் முடித்தவர் அவர் என்றானது.

சரி, திருத்துவது எப்படி? சென்சர் பெட்டியின் கரண்டை நிறுத்துங்கள். கம்பிகளை வெளியே எடுத்து வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தலைப்பகுதியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் பூட்டுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆடி, ஆவணியில் நான் மாதம் ஒருமுறை செய்கிறேன்.

ஒலியலை அனுப்பித் தூரம் அளக்கும் சென்சர் என்றால், அதன் முகத்தில் நீர்த்துளி கோத்து நின்றாலோ சிலந்தி வலை கட்டினாலோ தண்ணீர் பக்கத்தில் இருப்பதாக நினைத்து 'நிறைவு' என்று காட்டும். மென்மையான துணியால் துடைத்தால் சரி.

டாங்கி வழிகிறது, மோட்டர் நிற்கவில்லை

முதலில் மெயின் சுவிட்சில் மோட்டரை நிறுத்துங்கள். செயலியில் நிறுத்திப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வழிந்து ஓடுவது வெயில் காலத்தில் கிணறு மிச்சம் வைத்திருக்கும் தண்ணீர்.

பிறகு இந்தப் பரிசோதனை. செயலியில் 'நிறுத்து' கொடுத்தபடி மெயின் சுவிட்சைத் திரும்பப் போடுங்கள். மோட்டர் ஓடத் தொடங்கினால் ஸ்மார்ட் சுவிட்சின் உள்ளே கரண்டைப் போட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிவிட்டது. இது தற்செயலாக நடப்பதில்லை. சிறிய ஸ்மார்ட் சுவிட்சின் மேல் 10 அம்பியர் என்று எழுதியிருக்கும். 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 6, 7 அம்பியர்தான் எடுக்கும், அதனால் போதும் என்று பூட்டிவிடுகிறார்கள். ஆனால் மோட்டர் கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். ஒவ்வொரு முறையும் ரிலேயின் முனையில் பொறி பறந்து, ஒருநாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிவிடும். ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு கொன்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) இயக்க வேண்டும், கொன்டாக்டர் மோட்டரை இயக்க வேண்டும். வயரிங்காரரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ரிலே சரி என்றால், டாங்கிக்குள் தண்ணீரோடு ஏறி இறங்கி மோட்டரை நிறுத்தும் மிதவை இருந்தால் அதைப் பாருங்கள். ஒரு தடியால் மெதுவாகத் தூக்குங்கள். தூக்கியதும் மோட்டர் நின்றால் மிதவை நல்லது, எங்கோ பைப்பில் வயர் சிக்கியிருக்கிறது. தூக்கியும் நிற்காவிட்டால் மிதவைக்குள் தண்ணீர் போயிருக்கும், மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: குடிக்கும் தண்ணீருக்குள் 230 வோல்ட் வயர் தொங்கக்கூடாது. மிதவை குறைந்த வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகட்டும்.

ஒலியலைச் சென்சருக்கு இன்னொரு பிழை உண்டு. முகத்திலிருந்து ஏறத்தாழ 20, 25 சென்ரிமீற்றருக்குள் வரும் எதையும் அதனால் சரியாக அளக்க முடியாது. டாங்கியின் வாயோடு ஒட்டிப் பூட்டினால், தண்ணீர் நிறையும் நேரத்தில் கணக்குக் குழம்பி, டாங்கி வெறுமை என்று நினைத்து மோட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். நிறைவு மட்டத்துக்கு 30 சென்ரிமீற்றர் மேலே உயர்த்திப் பூட்டுங்கள்.

சென்சர் எதுவானாலும் மோட்டருக்கு ஓர் உச்ச நேரம் வையுங்கள். எங்கள் மோட்டர் டாங்கியை 50 நிமிடத்தில் நிரப்பும். 70 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறேன். செயலியில் இதற்கு இரண்டு நிமிட வேலைதான்.

மோட்டர் உறுமுகிறது, ஓடவில்லை

உடனே நிறுத்துங்கள். சில வினாடிகளுக்கு மேல் விட்டால் சுருள் எரிந்துவிடும்.

இரண்டு காரணம் முன்னால் நிற்கும். ஒன்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கப்பாசிட்டர் பழுதாவது. வீங்கியிருந்தால் பார்த்தே தெரியும். கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் கையால் தொட வேண்டாம், வயரிங்காரர் வரட்டும். மற்றது வோல்ட் குறைவு. இலங்கையில் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் 6 சதவீதம் கூடிக் குறையலாம், அதாவது 216க்கும் 244க்கும் இடையில் இருக்க வேண்டும். பின்னேரம் ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் வோல்ட் அளக்கும் மீற்றர் அதைவிடக் குறைவாகக் காட்டினால், அந்த நேரத்தில் மோட்டர் ஓடாதபடி டைமரை மாற்றுங்கள். அப்புறம் அளந்த எண்களை நேரத்தோடு எழுதி உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்குக் கொடுங்கள். எண்ணோடு போகும் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

ஆவணி, புரட்டாதியில் இந்தக் கேள்வி வந்தால் கிணற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும்வரை நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும். குழாய்க்கிணற்றில் ஊறும் வேகத்தைவிட மோட்டர் இழுக்கும் வேகம் கூடினால், கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பும், பிறகு வெறுமையாக ஓடும். தண்ணீர்தான் மோட்டருக்குக் குளிர்ச்சி. தண்ணீரின்றி ஓடினால் சூடேறிப் பழுதாகும்.

டைமரில் ஓடும் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுங்கள்: 20 நிமிடம் ஓட்டம், ஒரு மணி நேரம் ஓய்வு. மொத்தத் தண்ணீர் அவ்வளவாகக் குறையாது, கிணறுக்கு ஊற நேரம் கிடைக்கும். வெறும் ஓட்டத்தை அறிந்து நிறுத்தும் கருவி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

திறந்த கிணற்றுக்கு மேலே மோட்டர் வைத்திருப்பவர்கள் கிணற்றுக்குள் பைப்பின் கீழ் நுனியில் இருக்கும் அடிவால்வைப் பாருங்கள். இரவில் பைப்பிலிருந்த தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பியிருந்தால் காலையில் மோட்டர் காற்றைத்தான் சுற்றும். வால்வில் ஒரு சிறு சருகு சிக்கியிருந்தாலே போதும்.

மழை பெய்ததும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

விழுவது நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 30 மில்லி அம்பியர் அளவில் கரண்ட் எங்கோ நிலத்துக்குக் கசிகிறது, அதை அது பிடித்துவிட்டது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்கவோ குச்சி வைத்து நிறுத்தவோ யாரையும் விடாதீர்கள்.

எல்லாச் சிறு சுவிட்சுகளையும் கீழே இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த வழியில் பழுது. எங்களுக்கு மூன்று முறையும் வெளிப்பக்கம்தான்: கேற் விளக்கின் இணைப்பு, மதிலோரப் பெட்டிக்குள் எறும்புப் புற்று, மோட்டர் வயரின் ஒட்டு. எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ட்ரிப் ஏறவில்லை என்றால், சிறு சுவிட்சுகள் நியூட்ரல் வயரை வெட்டுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். கசிவு அந்த வயரில் இருக்கலாம். அது வயரிங்காரரின் வேலை.

கரண்ட் வந்தது, ஆனால் கருவிகள் எல்லாம் 'தொடர்பில் இல்லை' என்கின்றன

ரவுட்டரில் போட்ட சிம்மின் டேட்டா முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் இதுதான். இணையம் இல்லாவிட்டாலும் சுவிட்சின் பொத்தானைக் கையால் அழுத்தினால் வேலை செய்யும் என்பதை எல்லா வீட்டுக்கும் காட்டிக்கொடுங்கள். குறிப்பாக வயதானவர்களுக்கு, அவர்களின் கையாலேயே ஒருமுறை அழுத்த வைத்து.

டேட்டா இருக்கிறது, தொலைபேசிக்கு வைபை கிடைக்கிறது, கருவிகளுக்கு மட்டும் இல்லை என்றால் ரவுட்டர் அமைப்புக்குள் போங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபை அலைவரிசை மட்டும்தான் தெரியும். யாராவது புது ரவுட்டர் வாங்கி 5 கிகாஹேர்ட்ஸ் மட்டும் திறந்து வைத்திருந்தால் ஒரு கருவியும் ஏறாது. ரவுட்டரை மாற்றினாலும் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்தால் எல்லாம் தானாக இணையும்.

2022இல் நீண்ட மின்வெட்டுகளின்போது நாங்கள் படித்துக்கொண்ட ஒன்று: கரண்ட் திரும்பும்போது கருவி எந்த நிலையில் எழும்ப வேண்டும் என்று ஒவ்வொரு சுவிட்சிலும் ஓர் அமைப்பு உண்டு. மோட்டருக்கு அது 'நிறுத்தம்' ஆக இருக்க வேண்டும். படிக்கட்டு விளக்குக்கு 'முன்னிருந்த நிலை'.

மண்டபப் பதிவு அரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது

சரியாக அரை மணி நேரம் பிழைத்தால் அது நேர வலயப் பிழை. வேறு காரணம் தேட வேண்டாம். கருவியில் டாக்கா நேரமோ வேறு 6 மணி வலயமோ தெரிவாகியிருக்கும். கொழும்பு அல்லது ஸ்ரீ ஜயவர்தனபுர என்று மாற்றுங்கள். பட்டியலில் இவற்றுக்கு எதிரே 6 மணி என்றே எழுதியிருந்தால் மென்பொருள் பழையது. சென்னை நேரத்தைத் தெரிவு செய்யுங்கள், அதுவும் ஐந்தரைதான்.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த அரை மணி நேரம் புதிதல்ல. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, பிறகு அரை மணிக்குக் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் பழைய நேரமே ஓடியது. வவுனியாவில் நின்றவர்கள் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுத்தான் பயணம் புறப்பட்டார்கள். 2006க்கு முன் எழுதிய நேரப் பட்டியல் ஒரு கருவிக்குள் இருந்தால், அந்தப் புது நேரம் இன்னும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே நாளில் இரண்டு பேர் பதிவு செய்துவிட்டார்கள் என்றால், இரண்டு இடத்தில் பதிவு நடக்கிறது என்று பொருள். வட்ஸ்அப்பில் சொன்னதும் கலண்டரில் போட்டதும் மோதியிருக்கும். கலண்டரில் இருப்பது மட்டுமே பதிவு என்று முடிவு எடுங்கள். ஒரே ஒரு விலக்கு எங்களிடம் உண்டு. ஒரு வீட்டில் இழவு நடந்தால் மண்டபம் அவர்களுக்கு. பிறந்தநாளோ சாமத்தியச் சடங்கோ தள்ளிப் போகும். இதைச் செயலியில் எழுத முடியாது, அதனால் பதிவை மாற்றும் அனுமதி ஒருவரிடமாவது கையில் இருக்கட்டும்.

அட்டை காட்டினால் கேற் திறக்கவில்லை

ஒரு அட்டை மட்டும் என்றால் அட்டை பழுது. எல்லா அட்டையும் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முழு இலங்கையிலும் கரண்ட் போனது நினைவிருக்கும். திரும்பி வந்தபோது எங்கள் கேற் யாரையும் உள்ளே விடவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த காசு வடிவ பற்றரி செத்துப்போய், கடிகாரம் 2000ஆம் ஆண்டு ஜனவரிக்குத் திரும்பியிருந்தது. எங்கள் அட்டைகள் எதுவும் அந்த ஆண்டில் செல்லுபடியாகவில்லை. புதுப் பற்றரி போட்டு நேரத்தைச் சரிசெய்ததும் திறந்தது.

காந்தப் பூட்டு கரண்ட் போனால் திறந்துகொள்ளும், வேறு சில வகைப் பூட்டுகள் பூட்டியபடி நிற்கும். உங்களுடையது எது என்று பகலில் ஒருமுறை கரண்டை நிறுத்திப் பாருங்கள். எதுவானாலும் உள்ளிருந்து வெளியே போக அட்டையும் கரண்டும் தேவைப்படாத கைப்பிடி ஒன்று இருக்கவே வேண்டும். நெருப்பு, புகை என்று வந்தால் யாரும் அட்டை தேடக்கூடாது.

தோய்க்கும் மெஷின் நடுவில் நிற்கிறது

தண்ணீர் நுழையும் பைப்பின் வாயில் இருக்கும் சிறு வடியைக் கழற்றிக் கழுவுங்கள். அதில் தீராவிட்டால் அழுத்தம். டாங்கியிலிருந்து 10 மீற்றர் கீழே வந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். டாங்கிக்குப் பக்கத்திலேயே மேல்மாடியில் மெஷினை வைத்தால் தண்ணீர் மெல்லத்தான் வரும், மெஷின் காத்திருந்து பிழை காட்டும். நாங்கள் கீழ்த்தட்டுக்கு இறக்கினோம்.

ஒரு வீட்டின் கரண்ட் பில் மட்டும் கூடுகிறது

அந்த வீட்டின் மீற்றர் சரியா என்று பார்க்க ஒரு கேத்தில் போதும். மீற்றரின் மேல் ஓர் அலகுக்கு எத்தனை மினுக்கம் என்று எழுதியிருக்கும். 1600 என்றால், வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி 2000 வாட் கேத்திலை மட்டும் போட்டு ஒரு நிமிடம் சிவப்பு விளக்கை எண்ணுங்கள். 53 முறை அளவில் மினுங்க வேண்டும். வோல்ட் குறைந்திருந்தால் கொஞ்சம் குறையும். 70, 80 என்று போனால் மீற்றர் பிழை.

மீற்றர் சரி என்றால் அந்த வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வெளியே வந்து பாருங்கள். பொதுவான எதாவது அணைந்ததா? எங்கள் கீழ்த்தட்டில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் பில்லைக் காட்டி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தான்தான் கூடப் பாவிக்கிறேன் என்று நினைத்து மின்விசிறியைக் குறைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய மெயின் சுவிட்சை இறக்கியபோது படிக்கட்டு விளக்கு எட்டும் கேற் விளக்கும் ஒன்றாக அணைந்தன. கட்டடம் கட்டியபோதே யாரோ பக்கத்திலிருந்த வயரில் இணைத்திருக்கிறார்கள்.

9 வாட் விளக்கு ஒன்பது, இரவில் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஓர் அலகு, மாதத்துக்கு 29. இலங்கையில் அலகு கூடக்கூட விலையும் படி ஏறுவதால் அந்த 29 அலகும் அவருக்கு ஆகக் கூடிய விலையில்தான் விழுந்திருக்கும். பழைய பில்களை எடுத்து, அந்த அலகுகள் இல்லாமல் எவ்வளவு வந்திருக்கும் என்று மாதம் மாதமாகக் கணக்குப் போட்டோம். 11 வீடும் பிரித்துக் கட்டியது. அடுத்த சனிக்கிழமை வயரிங்காரரைக் கூப்பிட்டு விளக்குகளைப் பொது மீற்றருக்கு மாற்றினோம்.